குரலுக்கு ஒதுக்கிய இடம்

சாலைக் கடைத்தெருவில் குற்றாலலிங்கம் நடத்திவரும் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் எதுவும் தூக்கி எறியப்படுவதில்லை. வளைந்த ஆணி, தலை தேய்ந்த திருகாணி, அளவு பார்த்து வெட்டியதில் மிஞ்சிய கம்பித் துண்டு, ஜோடி பிரிந்த கீல் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் நீல டிரம்முக்குள் போய்ச் சேரும். பெயருக்குத்தான் அது கழிவு டிரம். கதவுக்கு ஒற்றைக் கீல் கிடைக்காமல் தெருவெல்லாம் அலைந்துவிட்டு வரும் தச்சர்கள், "அண்ணாச்சி, டிரம்முல ஒரு கை விட்டுப் பாத்துக்கிடட்டா?" என்று கேட்டுக்கொண்டே முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பொன்செல்விக்குக் கழிவு என்ற சொல்லின் பொருளே அதுதான்: இப்போதைக்கு வேண்டாதது, ஆனால் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது.

அதனால்தான் தன் கணவரின் குரலை அவள் மின்னஞ்சலின் கழிவுப் பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

குற்றாலலிங்கத்துக்குத் தட்டச்சு வராது. கடைக்குக் கணினி வந்த புதிதில், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், களியக்காவிளைச் சில்லறைக் கடைக்காரர்களுக்கெல்லாம் என்ன சரக்கு வந்திருக்கிறது என்பதை வாரந்தோறும் மின்னஞ்சலில் தெரிவிக்கலாமே என்று யாரோ யோசனை சொன்னபோது, அவர் தமக்குத் தெரிந்த வழியிலேயே அதைச் செய்தார். திங்கட்கிழமை காலையில் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தியதும், ஒலிவாங்கியை வாயருகே பிடித்துக்கொண்டு சரக்கு நிலவரத்தைப் பேசிப் பதிவு செய்வார். பொன்செல்வி அந்தப் பதிவை அஞ்சலோடு இணைத்து எல்லாக் கடைகளுக்கும் அனுப்புவாள். பிற்பாடு கைப்பேசியிலேயே குரலை அனுப்பும் வசதி வந்து ஊரே அதற்கு மாறிவிட்டபோதும் அவர் மாறவில்லை. எதிலும் பழகிய கடையிலேயே வாங்குகிற மனிதர் அவர்.

அந்தப் பதிவுகளில் ஒரு குறை இருந்தது. பேசி முடித்ததும் பதிவை நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு ஒருநாளும் நினைவில் தங்கியதில்லை. "ரெண்டு இஞ்சு ஆணி வந்தாச்சு. கோழி வலை நாளைக்கு எறங்கிரும். பித்தளைத் தாப்பாள் கொஞ்சந்தான் கெடக்கு, வேணுங்கறவிய சட்டுனு சொல்லிருங்க" என்று தெருவே நின்று கேட்கும் கனத்த குரலில் சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை மேசைமேல் வைப்பார். அது மேசையில் படும் சத்தமும் பதிவாகும். அதற்குப் பிறகு, சுமையை இறக்கிவைத்த தோள் தளர்வதுபோல் அதே குரல் சட்டென்று தளர்ந்து ஒலிக்கும்:

"ஏளா பொன்னு, சாப்ட்டியா?"

இதுவும் சேர்ந்தே எல்லாக் கடைகளுக்கும் போகும். பாலராமபுரம் பால்பாண்டி சில திங்கட்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஆணி வந்தது தெரிஞ்சிட்டு. மயினி சாப்ட்டாவளா இல்லியான்னு அடுத்த மெயில்ல சொல்லிருங்க. இங்க எல்லாரும் கவலையா இருக்கோம்" என்பான். பொன்செல்வி வெட்கத்தில் கணவரைத் திட்டுவாள். "அந்தப் பொத்தானை அமுக்கத்தான் விரல் இல்லியாங்கேன்?" அவர் சிரிப்பார்: "கெடக்கட்டும்ளா. நீ சாப்ட்டியான்னு கேக்கது ஒண்ணும் திருட்டு யாவாரம் இல்லியே."

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் குரல்வளையையும் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது.

குற்றாலலிங்கம் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. கல்லா மேசையில் பதித்திருந்த தகரத்தின்மேல் சாக்குக்கட்டியால் எழுதி வியாபாரம் பேசக் கற்றுக்கொண்டார். மனைவியிடம் வாயசைத்தால் போதும், அவள் புரிந்துகொள்வாள். தூரத்தில் இருந்தால் திருகுச்சாவியால் தராசுத் தட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். மூன்று தட்டினால் வேறு ஆள், இரண்டு தட்டினால் பொன்னு. சரக்கு நிலவரத்தை அவளே தட்டச்சு செய்து அனுப்பலானாள். சுருக்கமான, பிழையில்லாத அஞ்சல்கள். பால்பாண்டி அவற்றுக்கு ஒருமுறைகூடப் பதில் கிண்டல் செய்ததில்லை.

மத்தியானம் அவர் மாடியில் சரக்கு அடுக்கிய கிட்டங்கியில் சாக்குகளின்மேல் சற்றுக் கண்ணயரும் நேரத்தில், பொன்செல்வி காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு பழைய பதிவு ஒன்றைக் கேட்பாள். ஒன்றே ஒன்றுதான். ஆணி, வலை, தாப்பாள் எல்லாம் கடந்து அந்தக் கடைசிக் கேள்வி வரும்வரை காத்திருப்பாள். கேட்டதும் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பாள். இதை அவரிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? இதோ, எதிரில், ஆரோக்கியமாய் உட்கார்ந்து அவளுக்காகத் தட்டைத் தட்டுகிற மனிதரிடம், 'எனக்குப் பழைய உங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது' என்று சொன்னால், இப்போதைய அவர் போதவில்லை என்றல்லவா ஆகிவிடும்?

சிக்கல் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது. கணினியில் மின்னஞ்சலைத் திறக்கும்போதெல்லாம், இடம் தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. வருவது, போவது என்று எல்லா அஞ்சல்களையும் இந்த மின்னஞ்சல் நிரல் கணினிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். வெளியே வேறெங்கும் நகல் கிடையாது; வாரச் சரக்கு நிலவரத்தைக் கடைக்காரர்களும் சேர்த்து வைப்பதில்லை. குற்றாலலிங்கம் அனுப்பியவற்றின் அடுக்கைப் பார்த்தார், குரல் பதிவுகள் வண்டிவண்டியாய்க் குவிந்திருந்தன. தகரத்தில் எழுதினார்: 'பழைய சத்தம் எல்லாம் அழி. பழைய சரக்கு. யாருக்கு வேணும்.'

அவள் மறுக்கவில்லை, மறுக்கக் காரணம் சொல்ல வேண்டுமே. மனம் பதைக்க எல்லாவற்றையும் தேர்ந்து அழித்தாள். அழித்தவை ஒன்றுவிடாமல் கழிவுப் பெட்டியில் வந்து விழுந்திருப்பதைக் கண்டபோது அவளுக்குப் பெருமூச்சு வந்தது. நீல டிரம் மாதிரிதான்! அவர் சொன்னதையும் செய்தாயிற்று, குரலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. கடைக்காரர் தன் கழிவுக்குள் தானே ஏன் கைவிடப் போகிறார்? அதன்பிறகு மத்தியானங்களில் அவள் அந்தப் பெட்டியைத் திறந்தே கேட்டுவந்தாள். இடப் பற்றாக்குறை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நிரல் அடியோடு மக்கர் செய்தது. திண்டுக்கல் பூட்டுக் கம்பெனிக்காரர்கள் அனுப்பியதாகச் சொன்ன படங்கள் உள்ளே வரவில்லை. 'இடம் இல்லை' என்ற அறிவிப்பை மூடமூட அது மறுபடி எழுந்து நின்றது. பொன்செல்வி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இதுகிட்ட என்னால மல்லுக்கட்ட முடியல. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டுட்டு வந்து பாக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வந்தபோது குற்றாலலிங்கம் கணினியின் முன் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். தகரத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'இடம் பண்ணிட்டேன்.'

"எப்படி?"

அவர் கழிவுப் பெட்டியைச் சுட்டிக்காட்டி, உள்ளங்கையால் மேசையைத் துடைத்துக் காட்டினார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டபோது ஆம் என்று அமுக்கி, கோப்புகளைச் சுருக்கி இடத்தை மீட்கவா என்று கேட்டபோது அதற்கும் ஆம் என்று அமுக்கியிருக்கிறார். அதற்கப்புறம் வந்த இன்னொரு ஆங்கில அறிவிப்பு புரியவில்லை, மூடிவிட்டார். வாயை அசைத்தார்: *உனக்கு வேலை மிச்சம்.*

பொன்செல்வி திரையைப் பார்த்தாள். பெட்டி காலி. துடைத்து வைத்த பாத்திரம்போல் காலி.

"நல்லதாப் போச்சு" என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் நெற்றியில் பூசிவிட்டாள். கடைக்கு ஆள் வந்தது. கீல் கேட்டவருக்குக் கொண்டியை எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் அவருக்குச் சோறு பரிமாறினாள். அவர் மாடிக்குப் போனதும் ஒலிப்பானைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். தன் பங்குத் தூக்கைத் திறக்கத் தோன்றவில்லை. அவர் மேல் கோபம் வந்தால்கூட ஆறுதலாயிருக்கும். தன் பாரத்தைக் குறைக்க நினைத்துச் செய்தவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

அப்போதுதான் பூட்டுக் கம்பெனியின் அஞ்சல் இன்னமும் வந்துசேரவில்லை என்பதைக் கவனித்தாள். அதே அறிவிப்பு. இடம் இல்லை. எல்லாவற்றையும் அழித்த பிறகுமா?

பக்கத்துச் சந்தில் கணினி பழுதுபார்க்கும் ஜெஸ்லினைத் தொலைபேசியில் அழைத்தாள். கருங்கல் ஊர்ப் பெண், இங்கே படித்து இங்கேயே கடை போட்டவள். மலையாளமும் தமிழும் ஒரே மூச்சில் வரும்.

"சட்டுனு வந்திரு ஜெஸ்லின். அண்ணாச்சி மேல தூங்குதாவ. அவிய எறங்கதுக்குள்ள பாக்கணும்."

"எந்தா அக்கா, ரகசியமா? அண்ணாச்சிக்குத் தெரியாம காதல் கடிதமா?"

"அவிய குரலைக் காணல" என்றாள் பொன்செல்வி. அதைக் கேட்டதும் ஜெஸ்லின் விளையாட்டை விட்டாள். "இதா வந்தாச்சு."

வந்தவள் கதையைக் கேட்டுக்கொண்டே அஞ்சல் கோப்புகள் இருக்கும் அடுக்கைத் திறந்தாள். கழிவுப் பெட்டிக்குரிய கோப்பின் அளவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தாள்.

"அக்கா, கரையண்டா, அழாதீங்க. ஒண்ணும் போவல்ல."

"பெட்டி காலியால்லா கெடக்கு?"

"பாக்கத்தான் காலி. உங்க கிட்டங்கியில மூட்டை மேல 'வித்தாச்சு'ன்னு சாக்குக்கட்டியில எழுதிப்போடுவீங்கள்லா? எழுதின ஒடனே மூட்டை எறங்கிப் போயிருமா? அங்கயேதான் கெடக்கும். அழிக்கதும் அதுமாதிரிதான், மேல ஒரு அடையாளம் அவ்வளவே. சுருக்கும்போதுதான் வேணுங்கிறதை மட்டும் வேற எடத்தில புதுசா அடுக்கிட்டுப் பழைய அடுக்கை மொத்தமாத் தூக்கும்."

"அதையும் செஞ்சிட்டாவளே. ஆமான்னு அமுக்கிட்டாவ."

"புதுசா அடுக்கக் காலி எடம் வேணும்லா? இந்த டிஸ்க்கில ஒரு குண்டூசி வைக்க எடமில்ல. அதாக்கும் அது 'என்னால ஆவாது'ன்னு பறஞ்சிட்டுச் சும்மா நின்னுட்டு. அண்ணாச்சி மூடினது அந்த அறிவிப்பைத்தான்." சிரித்தாள். "இடம் இல்லாததுனால இடம் பண்ண முடியல. இடம் பண்ண முடியாததுனால உங்க பதிவெல்லாம் பிழைச்சுப்போச்சு. கொள்ளாம், நல்ல கூத்து இல்லே?"

பொன்செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரையருகே உட்கார்ந்தாள்.

ஜெஸ்லின் தன் பையிலிருந்து வெளி டிஸ்க் ஒன்றை எடுத்தாள். செருக இடம் இல்லாததால் ஒலிப்பானின் கம்பியைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினாள். கோப்பை முதலில் நகலெடுத்து, அந்த நகலில் 'அழிந்தது' என்ற அடையாளங்களை நீக்கினாள். வரிசைவரிசையாக அஞ்சல்கள் மீண்டும் எழுந்து நின்றன. "வேலை செய்யுதான்னு ஒண்ணைக் கேட்டுப் பாப்போம்" என்று கைக்கு வந்த ஒன்றைத் திறந்தாள்.

ஒலிப்பானைப் பிடுங்கியிருந்ததை இருவரும் மறந்திருந்தார்கள். மேசையடியில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து சத்தம் கடை முழுக்க வெடித்துக் கிளம்பியது.

"எல்லாருக்கும் வணக்கம். மம்பட்டி வந்திருக்கு, கைப்பிடி போட்டதும் போடாததும்..."

எதிர்த்த துணிக்கடையில் வேட்டி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தெருவில் தள்ளுவண்டியோடு போன சுமைக்காரர் நின்றார். பொன்செல்வி பதறி நிறுத்தப் போனாள். எதை அமுக்குவது என்று கைக்குத் தெரியவில்லை. மாடிப்படியின் நடுவில் குற்றாலலிங்கம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடிக் கம்பியில், மற்றொன்று தொண்டைத் துளையை மறைத்த துணியின்மேல்.

மம்பட்டி முடிந்து சங்கிலி வந்தது, சங்கிலி முடிந்து எண்ணெய்ப் பூச்சு வந்தது. ஒலிவாங்கி மேசையில் பட்டது. பிறகு, அவருடைய குரல் தளர்ந்தது.

"ஏளா பொன்னு, சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல" என்றாள் பொன்செல்வி.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தக் கேள்விக்கு இத்தனை வருடங்களாய்ப் பதில் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான், அது உண்மையும்கூட என்பது அவளுக்கு உறைத்தது. குற்றாலலிங்கத்தின் பார்வை மேசையோரத்தில் திறக்கப்படாமல் இருந்த தூக்கின்மேல் விழுந்தது. காலையில் கீல் கேட்டவருக்கு அவள் கொண்டியை எடுத்துக் கொடுத்ததும் அவருக்கு அந்நேரம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். படியிறங்கி வந்து தகரத்தைக் கையால் துடைத்துவிட்டு எழுதினார்: 'ஏன் சொல்லல?'

ஜெஸ்லின் திரையை மும்முரமாய்ப் பார்க்கலானாள்.

"எப்படிச் சொல்ல?" என்றாள் பொன்செல்வி. "இப்ப இருக்கது பத்தலன்னு நான் நெனைக்கேன்னு நீங்க நெனச்சிட்டா? உங்க குரல் போனது எனக்குத்தான் பெரிசுன்னு ஆயிராதா? உங்களுக்கில்லா போச்சு."

அவர் சாக்குக்கட்டியைப் பிடித்தபடி நின்றார். எழுதவில்லை. அவருக்கு அதைக் கேட்கப் பிடித்ததா, வலித்ததா என்று அவள் அந்த முகத்தில் தேடினாள். உதடுகளை மட்டுமே படித்துப் பழகியிருந்த அவளுக்கு, அசையாத உதடுகளிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

"அக்கா, இன்னொரு காரியம்" என்று ஜெஸ்லின் தொண்டையைச் செருமினாள். "டிஸ்க்கை இப்படி அடைச்சது மெயில் இல்ல. உங்க கேமராவாக்கும். ரெண்டு வருசப் படமும் அப்படியே கெடக்கு, யாரும் பழசைக் கழிக்கச் சொல்லிக் கொடுக்கல்ல போல. இதைத் தட்டிவிட்டாத்தான் மெயில் உள்ள வரும். சத்தம்கூட இல்லாத்த படம், மொத்தமா எடுத்திரட்டா?"

அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில், அங்கிருந்தே கடையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பொன்செல்வி பொருத்திய கேமரா அது. குற்றாலலிங்கம் தாராளமாகக் கையை வீசினார்: எடு, எல்லாவற்றையும் எடு.

"வேண்டாம்" என்றாள் பொன்செல்வி. இந்தமுறை யோசிக்காமல், சத்தமாகச் சொன்னாள். "ரெண்டு வருசத்துக்கு முந்தின ஐப்பசி மாசத்தை விட்டுரு."

"அதில என்ன அக்கா இருக்கு?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்து அவிய முதல்ல கடை தொறந்த மாசம். சாவியைப் போட்டுட்டு, என்னைக் கூப்பிடத் திரும்புனாவ. கூப்பிட முடியல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாவ. அப்புறம் திருகுச்சாவியை எடுத்துத் தட்டுல ரெண்டு தட்டுத் தட்டுனாவ." அவள் கணவரைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தே பேசினாள். "படத்துல சத்தம் இல்லதான். எனக்குக் கேக்கும்."

ஜெஸ்லின் அந்த மாதத்தைத் தேடியெடுத்து வெளி டிஸ்க்கில் தனியே போட்டாள். குற்றாலலிங்கம் மேசையைச் சுற்றிவந்து, தூக்கின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மனைவியின் முன் பரப்பினார். தீயல் குழம்பு ஆறிப்போயிருந்தது. ஒரு தட்டை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து வைத்தார். கண்ணையும் அதே நுனியால் துடைத்துக்கொண்டார், மறைக்க முயலவில்லை.

கேமராப் படங்கள் போனதும் இடம் பிறந்தது. பூட்டுக் கம்பெனியின் அஞ்சல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஜெஸ்லின் மீட்ட பதிவுகளைக் கழிவுப் பெட்டியில் போட மறுத்துவிட்டாள். "அய்யோ, இனி அந்தப் பக்கமே போவப்பிடாது கேட்டீங்களா! தனியா ஒரு பெட்டி வைக்கேன். என்ன பேரு போடணும்?"

பொன்செல்வி வாயில் சோற்றோடு கணவரைப் பார்த்தாள். அவர் தகரத்தில் எழுதினார்: 'நீல டிரம்.'

"சுருக்கவும் செஞ்சாச்சு. இப்போ தாராளமா எடம் இருக்கு" என்று ஜெஸ்லின் வெளி டிஸ்க்கைக் கழற்றி, அதைப் பத்திரமாய் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பொன்செல்வியிடம் கொடுத்தாள். காலியான துளையில் ஒலிப்பானின் கம்பியைக் குற்றாலலிங்கமே எடுத்துச் செருகினார். ஒலிவாங்கியைத் துடைத்து மனைவியின் வாயருகே பிடித்தார். மற்றொரு கையால், பூட்டுக் கம்பெனி அனுப்பியிருந்த படங்களைச் சுட்டிக்காட்டினார்.

"நானா? இப்பவா? இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்லா!"

அவர் பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

"அண்ணாச்சி!" ஜெஸ்லின் தலையில் கைவைத்தாள். "இப்பத்தான் எடம் பண்ணிக் கொடுத்தேன்!"

பொன்செல்வி அவசரமாக விழுங்கினாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். குரல் கொஞ்சம் பிசிறியது. "பூட்டு வரப்போவுது. மாங்கா பூட்டும் இருக்கு, அலமாரிப் பூட்டும் இருக்கு. வேணுங்கறவிய... சட்டுனு சொல்லிருங்க." வேறென்ன சொல்வதென்று தெரியாமல் ஒலிவாங்கியை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

குற்றாலலிங்கம் திருகுச்சாவியை எடுத்தார். தராசுத் தட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சாப்பிட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் அவள்.

பதிவை யாரும் நிறுத்தவில்லை.